மீட்டர் காட்டிய 6.2

துர்கா பூஜைக்கு லண்டனிலிருந்து வந்த என் தம்பி, என் கணவருக்காக ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை, கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டில், அவர் விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் ரத்தத்தைத் தொட்டு வைத்தேன். திரையில் 6.2! லேபில் எப்போதும் நூற்றுக்கு மேல்தான் வரும். பதறிப்போனேன்.

“ஐயோ, ஏன்னா, சுகர் ஒரேயடியா எறங்கிடுத்து! வாயைத் தெறங்கோ!”

“நன்னாத்தானே இருக்கேன்” என்றபடியே, பூஜைக்கு வந்திருந்த ரசகுல்லாவில் நான் ஊட்டிய மூன்றை ஆனந்தமாக விழுங்கினார்.

என் கூச்சல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு வங்காளி வாத்தியார், மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னை அண்ணி என்று வங்காளத்தில்தான் கூப்பிடுவார். “பௌதி, இது வெளிநாட்டு அளவு. நம்மூர் அளவுக்குப் பதினெட்டால் பெருக்குங்கள்” என்றார். பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு! எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகைப் பார்த்த பிறகுதான் பதறுகிறேன். அவரோ, “இன்னொரு தரம் தப்பாப் பாரேன்” என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.