தாயக்கட்டத்தில் உள்ளே போகிற வழி

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஐந்து நான் பெற்றது. ஒன்று என் கொழுந்தன் பிள்ளை, பள்ளிக்கூடத்துக்காக எங்களோடு வந்து இருந்தவன் அப்படியே இருந்துவிட்டான். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் என் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கால் ஊன்றி நிற்கும். இந்த வீட்டில் காலேஜ் படித்தவர்கள் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அதைச் சொன்னால் கோபம் வருகிறது அவர்களுக்கு.

போன வாரம் பேரன் தன் தங்கைக்குக் கைப்பேசியில் ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவதாம். முதலில் உன் ஆள் என்ன இனம் என்று எடுக்க வேண்டும்: மனிதனா, குள்ளனா, காது நீண்டவனா. பிறகு அவனுக்கு என்ன வேலை: வாள் வீசுகிறவனா, மந்திரம் போடுகிறவனா, அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்கிறவனா. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். தங்கைக்காரி அரை மணி நேரமாகக் குள்ளனுக்குத் தலைமுடி என்ன நிறம் என்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள். இவன் என்னவோ இதெல்லாம் நேற்றுத்தான் உலகத்துக்கு வந்த மாதிரி பேசினான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இனமும் வேலையும் படியும் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்திலேயே இருந்தன. அறுபதுகளில். அந்த விளையாட்டுக்குத் தாயம் என்று பெயர்.

கட்டம் தாழ்வாரத்துக் கல்லில் உளியால் வெட்டியிருந்தது. ஐந்துக்கு ஐந்து. ஆடுவது நாலு பேர். ஒருத்தி என் மாமியார். அயித்தை என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருத்தி என் மூத்த ஓரகத்தி, அயித்தையின் மூத்த மருமகள். அவரை அக்கா என்பேன். மூன்றாவது, பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி. அந்த வீட்டில் அறுபது கதவு. ஆள் மட்டும் ஆச்சி ஒருவர்தான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஒரு கதவை மட்டும் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். உருட்டுகிற பித்தளைக் கட்டை இரண்டும் அவருடையது. நாலாவது நான்.

முதலில் இனம். அதாவது காய். அயித்தைக்குப் புளியங்கொட்டை. உருண்டு கீழே விழும், மிதிபடும், ஆனால் உடையாது. ஆச்சிக்குச் சோழி. வழவழவென்று ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அதுவாகவே நகர்ந்துவிடும். நகர்ந்த இடத்தில்தான் முதலிலிருந்தே இருந்தது என்று ஆச்சி சத்தியம் செய்வார். அக்காவுக்குப் பச்சை வளையல் துண்டு. எடுத்து வைக்கும்போது அடுத்தவள் விரலைக் கிழிக்கும். புதிதாக வருகிறவளுக்கு எடுக்கிற உரிமையெல்லாம் கிடையாது. மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் அவள் இனம். எனக்கு ஓட்டாஞ்சில்லு, உடைந்த கூரை ஓடு. வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். என்னை மாதிரி என்று அக்கா சொல்வார்.

வேலை என்பது நாமாக எடுப்பது இல்லை. ஒரு மாதம் ஆடினால் தானாகத் தெரிந்துவிடும். ஆச்சி ஓடுகிறவர். ஒரே காயை விரட்டிக்கொண்டு போவார், மற்றது வெட்டுப்பட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அக்கா பதுங்குகிறவர். கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட இடங்களுக்கு மலை என்று பெயர்; மலையில் இருக்கிற காயை யாரும் வெட்ட முடியாது. அக்கா மலைவிட்டு மலைதான் போவார், நடுவில் காலை வைக்கவே மாட்டார். அயித்தை வெட்டுகிறவர். தன் காய் போகவேண்டிய வழியை விட்டுவிட்டுப் பத்துக் கட்டம் பின்னால் நின்றுகூட அடுத்தவள் காய்க்காகக் காத்திருப்பார். வெட்டினதும் அந்தக் காயை எடுத்து நம் கையில் கொடுப்பார், வெற்றிலை கொடுக்கிற மரியாதையோடு.

இப்போது படி. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கிப் பிறக்கும். எனக்கு முதல் நாலு நாள் தாயமே விழவில்லை. நாலு நாளும் நான் உலகத்தில் இல்லாதவளாக உட்கார்ந்து அவர்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறந்த காய் வெளிச்சுற்றில் ஒரு சுற்று வர வேண்டும். அதற்கு மேல் உள்சுற்று. அங்கே போக வேண்டுமானால், நீ யாருடைய காயையாவது ஒரு தடவையாவது வெட்டியிருக்க வேண்டும். வெட்டாதவள் காய் வெளியிலேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். உள்சுற்றும் முடிந்து நடுக்கட்டத்துக்குச் சரியான எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்த காய்க்குப் பழம் என்று பெயர்.

நான் ஆட வந்து ஒரு வாரம் இருக்கும். அயித்தையின் புளியங்கொட்டை மலையில் இல்லாமல் தனியாக நின்றது. எனக்குச் சரியான எண் விழுந்தது. ஓட்டாஞ்சில்லை எடுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினார். சும்மா கிள்ளு இல்லை. நாலு நாளைக்கு நீலம் போகவில்லை. நான் வேறு காயை நகர்த்திவிட்டேன்.

சாயங்காலம் துவைக்கிற கல்லடியில் கேட்டேன். மாமியார் காயை மருமகள் வெட்டுவது இந்த வீட்டில் இல்லை என்றார் அக்கா. யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லை, தான் வந்து எட்டு வருஷத்தில் வெட்டியதில்லை என்றார். சரி, ஆச்சியை? அவர் விருந்தாளி, அவரை எப்படி வெட்டுவது என்றார். அப்படியானால் எட்டு வருஷமாக நீங்கள் யாரைத்தான் வெட்டினீர்கள் என்று கேட்டேன். யாரையும் இல்லையாம். எட்டு வருஷமாக வெளிச்சுற்றிலேயே இருந்திருக்கிறார். நான் வந்த பிறகுதான் வெட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தது அவருக்கு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். நான் வெட்டலாம் என்றால் அக்கா ஒருத்தியைத்தான் வெட்டலாம். அவரோ என்னை வெட்டுகிற வேளை தவிர மலையை விட்டு இறங்க மாட்டார். ஆக மூன்று வருஷம் நான் ஊர்வலம் வந்தேன்.

மூன்றாவது வருஷம் தை மாதம் ஒக்கூரில் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். நாங்கள் இரண்டே பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. அம்மா வலது மணிக்கட்டு வீங்கி உலக்கை பிடிக்க முடியாமல் கிடந்தார். மாவு இடிப்பதிலிருந்து முறுக்குச் சுற்றுவது வரை கல்யாணப் பெண்ணே செய்துகொள்ள வேண்டிய நிலை. தன் கல்யாண முறுக்கைத் தானே சுற்றுகிற பெண்ணை எங்கள் ஊரில் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிச் சிரிப்பார்கள். பத்து நாள் முன்னால் போனால் நான் பார்த்துக்கொள்வேன். அயித்தையிடம் கேட்டேன்.

"அறுப்பு நேரத்துல பத்து நாளைக்கு எவளாச்சும் ஊருக்குப் போவாளா? ரெண்டு நாள் முந்திப் போ, போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அடுத்த வாரம் கதிர் அறுப்பு. அறுப்பாட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், களத்தில் நிற்க வேண்டும். வீட்டில் இரண்டு மருமகள்கள், அதில் எனக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நான் பேசாமல் தாயம் ஆட வந்து உட்கார்ந்தேன். மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஆச்சி என்ன ஏது என்று கேட்டுவிட்டு, அயித்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணு வருசமா இவ ஒரு பழம் எடுத்து நான் பாக்கல. வெள்ளிக்கெழமைக்குள்ள ஒண்ணு எடுத்துட்டா அனுப்பி வைங்களேன்."

"அதுக்கென்ன ஆச்சி, எடுக்கட்டும். நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றார் அயித்தை. அக்காவும் சிரித்தார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். அன்றைக்குப் புதன்கிழமை.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. அக்காவின் வளையல் துண்டு ஒன்றுகூட மலையை விட்டு இறங்கவில்லை. வியாழன் சாயங்காலம் அவரிடம் போய், ஒரே ஒரு காயை இறக்கி வையுங்கள் அக்கா, வெட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அது கள்ளாட்டம் என்று மறுத்துவிட்டார். அவர் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். என் முதல் காய் உள்ளே திரும்புகிற வாசலில் எத்தனையாவது தடவையாகவோ நின்றுகொண்டிருந்தது. இன்னொரு காய் பின்னால் கிடந்தது. அதற்கு நாலு கட்டம் தள்ளி அயித்தையின் புளியங்கொட்டை, மலையில் இல்லாமல், தைரியமாக நின்றது. மருமகள்கள் பக்கம் பயமில்லாததால் அவர் காய்கள் எப்போதும் அப்படித்தான் நிற்கும். நான் கட்டையை உருட்டினேன். இரண்டும் இரண்டும் நாலு.

அக்காவின் கை என் தொடைக்கு வந்துவிட்டது. கிள்ளட்டும் என்று விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்விட்டு எண்ணி ஓட்டாஞ்சில்லை வைத்தேன். புளியங்கொட்டையை எடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் செய்கிற மாதிரியே அவர் கையில் கொடுத்தேன்.

"வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன் அயித்தை."

அவர் குனிந்து, என் காய் முதலில் இருந்த இடத்திலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார். ஆச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நாலுதான். வெட்டுனா இன்னொரு ஆட்டம் உண்டுல்ல? கட்டைய உருட்டாம என்னத்தப் பாக்குற?"

உருட்டினேன். மூன்று விழுந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் ஓட்டாஞ்சில்லு உள்சுற்றுக்குள் போயிற்று. உள்ளே காற்று வேறு மாதிரி வீசும் என்று நினைத்திருந்தேன். அப்படியொன்றும் இல்லை.

அடுத்த ஆட்டம் அக்காவுடையது. அவருக்கு ஐந்து விழுந்தது; ஐந்து விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம், அதில் ஒரு மூன்று. ஐந்தை எதற்கோ வைத்தார். மூன்றை வைக்கவில்லை. என்ன பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். மலையில் அவருடைய வளையல் துண்டு. மூன்று கட்டம் தள்ளி அயித்தையின் இன்னொரு புளியங்கொட்டை. அக்கா என்னைப் பார்த்தார், நான் வெட்டியும் இடிந்து விழாமல் நிற்கிற கூரையைப் பார்த்தார், மலையை விட்டு இறங்கி வெட்டினார்.

அயித்தை வெட்டுப்பட்ட கொட்டையை வாங்கிக்கொண்டு அக்காவின் கையைப் பார்த்தார். "பதினோரு வருசமா இந்தக் கைய எங்க வச்சிருந்த?"

"மடியிலதான் அயித்தை இருந்துச்சு."

அதற்குப் பிறகு அயித்தைக்கு உட்கார முடியவில்லை. முட்டி போட்டுக்கொண்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கட்டையைக் கன்னத்தில் ஒற்றி உருட்டினார். இரண்டு விழுந்தது. அந்த இரண்டை இரண்டு விதமாக வைக்கலாம். உள்சுற்றில் எனக்குப் பின்னால் அவர் காய் ஒன்று சரியாக இரண்டு கட்டத்தில் நின்றது, என்னை வெட்டலாம். வெளியில், மலையை விட்டு இறங்கி நின்ற அக்காவின் வளையல் துண்டும் இன்னொரு புளியங்கொட்டைக்கு இரண்டு கட்டத்தில்தான் இருந்தது. என்னை வெட்டினால் நான் மறுபடியும் தாயத்திலிருந்து பிறந்து வர வேண்டும். பொழுது சாய்வதற்குள் அது நடக்கிற காரியமில்லை.

ஆச்சிக்கு வாய் சும்மா இருக்காது. விரலை நீட்டியே காட்டினார். "இங்கன பாருங்க, உள்ள இருக்கவள வெட்டினா இவ ஊருக்குப் போறது நின்னு போகும்."

அயித்தை உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். அக்காவின் வளையல் துண்டை வெட்டி, விரல் கிழிந்து, ரத்தத்தோடு அதை அக்கா கையில் கொடுத்தார்.

எனக்கு இரண்டு சுற்று உதவாத எண்ணாக விழுந்தது. மூன்றாவது சுற்றில் பழம் எடுத்தேன். நான் பழம் எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. அயித்தையும் அக்காவும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். நானே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அயித்தை சொன்னபடியே பஸ் நிறுத்தத்துக்கு வந்து என்னையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டார். காரைக்குடி போய் பஸ் மாறி ஒக்கூரில் இறங்கினேன். பத்து நாள் முன்னால் மூட்டையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தாராம். தாயத்தில் ஜெயித்து வந்தேன் என்றால் நம்பவே இல்லை. அன்று ராத்திரி வரை, உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நான் உலக்கையை எடுத்த பிறகுதான் விட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அயித்தையும் அக்காவும் வந்தார்கள். அக்கா முகம் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது. அந்தப் பத்து நாளில், அறுப்புக் கஞ்சிக்கு நடுவில்கூட, அயித்தையை ஏழு தடவை வெட்டியதாக என் காதில் சொன்னார். அயித்தைக்குக் காப்பியும் ஒரு தட்டில் முறுக்கும் கொண்டுபோய் வைத்தேன். கூட்டம் விலகின நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு உள்ள இருந்த என் காய ஏன் அயித்தை வெட்டல?"

"எந்தக் காய்? என் கண்ணுல ஒண்ணும் படலயே."

ஆச்சி விரலை நீட்டிக் காட்டினாரே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஒரு முறுக்கை எடுத்து, தூக்கிப் பிடித்து, சுற்றுச் சுற்றாகப் பார்த்தார்.

"இது நீ சுத்துனதா?"

"ஆமா அயித்தை."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. பத்து நாளும் பத்தல போலருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே மூன்று முறுக்குத் தின்றார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஏத்தா, என் பேத்தி, இங்குட்டு வந்து இதை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழையை நிறுத்தி நிறுத்திச் சொல்லாதே. முதலிலிருந்து படி.