உப்பு போடும் கை

என் மாமனாரை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் பேசியவர்களில் ஒருவர், "கடைசி வரைக்கும் அவர் கைமணம் மாறவே இல்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது மரியாதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிச் சில வருஷங்கள் அந்த ருசி அவர் கையில் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்காவது அது தெரியும். ஒருவர் வாயிலிருந்தும் உண்மை வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பட்டாளத்தில் சமையற்காரராக இருந்தவர். ஓய்வுபெற்று வந்து பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் பெரிய தேக்சாப் பாத்திரங்களை அடுக்கி, கல்யாண பிரியாணித் தொழிலை ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிச்சயதார்த்தம், ஞானஸ்நானம், கல்யாணம் எதுவானாலும் நாள் குறித்தவுடன் பாதிரியாரிடம் போவார்கள், அடுத்தது இவரிடம் வருவார்கள். சில வீடுகளில் இவரிடம் வந்துவிட்டுத்தான் பாதிரியாரிடம் போவார்கள். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. காய்கறி வாங்கப் போனால்கூட முதுகை நிமிர்த்திப் பட்டாள நடைதான் நடப்பார். போர்க்கதை கேட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். "துப்பாக்கி சுட்டிருக்கீங்களா மாமா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "சுட்டிருக்கேன். ரொட்டி சுட்டதுதான் ஜாஸ்தி" என்றார்.

அவருடைய அடுப்படியில் ஒரு சட்டம் இருந்தது. வெங்காயம் அரிவது, கறி கழுவுவது, அரிசி ஊறவைப்பது எதை வேண்டுமானாலும் ஆட்கள் செய்யலாம். உப்பை மட்டும் யாரும் தொடக் கூடாது. உப்பு டின் அவர் காலடியிலேயே இருக்கும். எத்தனையோ வருஷமாக அடுகோடியிலிருந்து வந்து அவரிடம் வேலை செய்த அக்கா, தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயம் அரிபவர், அவர்கூட அந்த டின்னை நகர்த்தியதில்லை.

பிறகு கொரோனா வந்தது. வீட்டில் எல்லோரும் படுத்தோம். வாசனையும் ருசியும் எல்லோருக்கும் போயின. எனக்கும் என் கணவருக்கும் திரும்பி வந்தன. மாமாவுக்கு வரவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஊரடங்கு முடிந்து அவர் எடுத்த முதல் வேலை ஒரு ஞானஸ்நான விருந்து. வேலை நடக்கும் இடத்தில் அவர் சாப்பிடுவதில்லை. தம் உடைத்துப் பந்தி ஆரம்பித்ததும் ஒரு தூக்கில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். அன்றும் வந்தார். என் கணவர் ஒரு வாய் வைத்து, தண்ணீர் குடித்து, "சூப்பர்ப்பா" என்றார். நான் ஒரு வாய் வைத்தேன்.

"மாமா, உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியல."

மேஜைக்கடியில் என் கணவர் என் காலை மிதித்தார். நானா அடங்குகிறவள்? ஆனேக்கல்லில் என் அம்மா வீட்டில் எனக்கு 'பட்டாசு' என்றுதான் பெயர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், உப்பு அதிகமான பண்டம் எங்கே போகும் என்று அடுத்ததாகக் கேட்க இருந்தேன். அதற்குள் மாமா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டது. பட்டென்று போட்டு உடைத்த வாயை அன்று நானே திட்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் காபி டம்ளரோடு என்னிடம்தான் வந்து நின்றார்.

"அங்க அத்தனை பேர் சாப்பிட்டாங்க. ஒருத்தரும் சொல்லல. நீதான் சொன்ன. வர்ற மாசம் ஒரு கல்யாணம் இருக்கு. அந்தப் பொண்ணோட அப்பன் கல்யாணத்துக்கும் நான்தான் சமைச்சேன். வாக்கு குடுத்துட்டேன். நீ என்கூட வந்து ருசி பாத்துச் சொல்லணும். அதுலயும் தப்பாச்சின்னா கரண்டிய வெச்சிடறேன்."

"எனக்குச் சமைக்கவே வராதே மாமா."

"நீ சமைக்க வேணாம். அந்தக் கொடுமைய நான் வீட்டுல பாக்கறது போதும். வெளிய மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

சின்னச் சின்ன வேலைகளில் ஒத்திகை பார்த்தோம். "நல்லா இருக்கு மாமா" என்றால் கோபம் வரும். "நல்லா இருக்குன்னா என்னா அர்த்தம்? ஒழுங்கா ரிப்போர்ட் குடு. முதல்ல என்ன வருது, பின்னால என்ன வருது?" முதலில் புளிப்பு, பின்னால் காரம், உப்பு நடுவில் எங்கேயோ நிற்கிறது என்பேன். அவர் டின்னுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தூவுவார். மறுபடி நான் கரண்டியை நக்குவேன். மருமகள் தீனிக்கு அலைகிறாள் என்று ஆட்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரோடு அவ்வளவு பேசியதும் இல்லை, அவ்வளவு சண்டை போட்டதும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை பெங்களூரு வழக்கப்படி திடீரென்று மழை கொட்டியது. சாமான் இறக்கும்போது தொப்பலாக நனைந்தேன். காலையில் எழுந்தால் மூக்கு இரண்டும் அடைத்துத் தலை கனத்துக் கிடந்தது. ஆவி பிடித்தேன், மிளகை மென்றேன். மிளகு மண் மாதிரி இருந்தது.

சர்ச்சுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கறி மசாலாவில் வெந்து நின்றது, பெரிய தேக்சாவில் உலை கொதித்தது, அரிசி ஊறித் தயாராக இருந்தது. அரிசியைப் போட்டுத் தம் கட்டிவிட்டால் அப்புறம் ஆண்டவரே வந்தாலும் உப்பைத் திருத்த முடியாது. மாமா மசாலாவில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். நக்கினேன். இன்னொரு கரண்டி கேட்டேன்.

"உப்பு இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு மாமா. ஜலதோஷம். என்னை நம்பாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. உலையைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். பிறகு கரண்டியால் தேக்சா விளிம்பில் ஓங்கித் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா பால் வாங்கிப் போக வந்திருந்தார், அவரும் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. கொரோனா வந்ததுல இருந்து என் நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. இத்தினி நாளா இந்தப் பொண்ணு நாக்க வெச்சித்தான் சமைச்சேன். இன்னிக்கி அவளுக்கும் முடியல."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பந்திக்கு முன்னாடி வந்து சொல்றீங்களே மாஸ்டர்" என்றார்.

"தப்புதான் சார்" என்று மாமா விறைப்பாக நின்றார். அந்த வயதில் அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

எனக்கு முன்னால் அடுகோடி அக்கா எழுந்து வந்துவிட்டார். வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். "அத எங்ககிட்ட முன்னாடியே சொன்னா இன்னா மாஸ்டர்? நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம் இங்க?" என்று அவர்மேல் பாய்ந்தார். மாஸ்டரை எதிர்த்து அந்த அக்கா பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. கரண்டியைப் பிடுங்கி, மசாலாவையும் நக்கினார், உலைத் தண்ணீரையும் நக்கினார்.

"மசாலா சரியா கீது. ஒலையில உப்பு ஸ்வல்ப கம்மி, இன்னும் கொஞ்சம் போடணும்."

மாமா குனிந்தார். உப்பு டின்னை இரண்டு கையாலும் எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

"நீயே போடு" என்றார்.

அக்கா டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கிளறி, மறுபடி நக்கி, இன்னும் கொஞ்சம் போட்டார். அரிசி உள்ளே போயிற்று. தம் கட்டினோம். திறக்கும்வரை பெண்ணின் அப்பா அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார், நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தேன். மாமா மட்டும் ஒரு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பந்தியில் ஜனங்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்கள். கடைசிப் பந்தி போடும்போது பெண்ணின் அப்பா வந்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தார். தூக்கில் எடுத்துப் போகிறேன் என்று மாமா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அக்கா வாளியோடு வந்து பரிமாறினார்.

மாமா ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். நான் பக்கத்தில் குனிந்து, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார். "அவ போட்ட உப்பு. சரியாத்தான் இருக்கும்."

அக்கா இன்னும் ஒரு கரண்டி வைத்தார். அவர் போதும் என்று சொல்லவில்லை, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.