வெங்காயம் மணக்காத சென்ற்

அண்ணையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட ஏஜென்சிக்காரன் ஒரேயொரு குறைதான் சொன்னான். "தம்பியிலை வெங்காயம் மணக்குது. சவுக்காரம் போட்டுக் குளிச்சாலும் உது போகாது. கட்டுநாயக்கா எயார்போட்டிலை கிட்ட வந்துதான் கதைப்பாங்கள். காசுக்காரன்ரை பிள்ளை மாதிரி மணக்கவேணும், இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

எங்கள் வீட்டில் எல்லோரிலும் வெங்காயம்தான் மணக்கும். அச்சுவேலிச் செம்மண்ணில் கிண்டிய வெங்காயத்தைக் கட்டுக் கட்டாகப் படுக்கிற அறையிலும் தொங்கவிட்டிருந்தோம். பள்ளிக்கூடம் நடந்த நாட்களைவிட நடக்காத நாட்கள் அதிகம் என்பதால் நானும் தோட்டத்தில்தான் நின்றேன். என் படிப்பு பிறகு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அம்மாவுக்கு அடுத்தபடி வீட்டில் கூர்மையான மூக்கு எனக்குத்தான். அதனால் அண்ணை வாசனைச் சென்ற் வாங்க என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பான்சிக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறக்கவே இல்லை. "உதுகள் வயதுபோன டொக்டர்மார் போடுறது. உம்மை மாதிரி இளந்தாரியளுக்கு இஞ்சை மேசையிலை இருக்கு. பேர் பரிஸ், விலை எங்கடை ஊர். வாங்க முந்தி அடிச்சுப் பாரும்."

முதல் தடவை அடித்தது தேசிக்காய்ப் புளி போலச் சுரீரென்று எழும்பியது. நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டுமுன் காற்றோடு போய்விட்டது. அடுத்த தடவை அடித்தது கல்யாண வீட்டுப் பூமாலையையும் கேக்கையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி. எனக்குத் தலையிடித்தது. மூன்றாவதில் வெட்டிய வெள்ளரிக்காயின் குளிர்ச்சி இருந்தது. வீடு வரைக்கும் அண்ணையின் கையில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தேன். வெங்காயம் இல்லவே இல்லை. அண்ணை அதைக் கடையிலேயே வாங்கியும் விட்டிருந்தார்.

அம்மா மூன்று தடவையும் அண்ணையின் கழுத்தடியில் மணந்து பார்த்தார். மூன்று தடவையும் ஒரே தீர்ப்பு.

"இன்னும் மணக்குது."

"அம்மா, வெங்காயம் உங்கடை மூக்குக்குள்ளைதான் கிடக்குது."

"மணக்குதெண்டா மணக்குதுதான். உப்பிடிப் போய்ப் பிடிபடப்போறியோ? வேறை பார்."

பால் அடிப்பிடிப்பதைக் கிணற்றடியில் நின்றே கண்டுபிடிக்கிறவர் சொன்னால் ஐயாவும் மறுத்துப் பேசமாட்டார். ஏஜென்சிக்காரனின் வான் இரண்டு முறை அண்ணை இல்லாமலே கொழும்புக்குப் போனது.

ஒரு மத்தியானம் ஆமி பக்கத்து ஊரைச் சுற்றிவளைத்துத் தோட்டங்களில் நின்ற பெடியன்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது. வான் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிக்கிடுகிறது என்று ஐயா ஓடிவந்தார். அண்ணை அப்போதும் வெங்காயம் கிண்டிக்கொண்டுதான் நின்றார். குளிக்க நேரமில்லை. முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துவிட்டுப் புதுச் சேட்டைப் போட்டார். கழுத்தில் சென்றை அடித்தார்.

"அம்மா, மணக்குதே?"

அம்மா அவருடைய கழுத்தில் முகத்தை வைத்தார். கனநேரமாக முகத்தை எடுக்கவேயில்லை.

"இல்லை ராசா. ஒண்டும் மணக்கேல்லை. கெதியாப் போட்டு வா."

பக்கத்தில் நின்ற எனக்கு வெங்காயம் மூக்கைத் துளைத்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார், நோகிற அளவுக்கு.

கட்டுநாயக்காவில் யாரும் அண்ணையை மணந்து பார்க்கவில்லை என்று பிறகு கடிதம் வந்தது. ஆனால் வான் போன அன்று பின்னேரம் அம்மா அடுப்படியில் மூக்கைச் சீறிக்கொண்டே இருந்தார். தடிமன் பிடித்துத்தான் மணம் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, அவருக்கு மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன்.