மாங்கேணிக்குப் போன ஆறு இலக்கம்

போன், சிம் விற்கும் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்ட் தெரியும், அதை எழுதி வைத்த கொப்பி எங்கே என்பதுதான் தெரியாது. ஒரு தடவையாவது பாஸ்வேர்டை மறந்து நெற்றியில் அடித்துக்கொண்டவர்கள் என்னைத் திட்டாமல் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். கடை இருப்பது குருக்கள்மடத்தில், மெயின் றோட்டில்.

எல்லாருக்கும் ஒரே நம்பர்

புதுப் போன் வாங்கினால் அதற்கு ஒரு ஈமெயில் கணக்கு வேண்டும். திறந்து கொடுப்பது நான். பாஸ்வேர்ட் மறந்தால் ஆறு இலக்கம் அனுப்புவதற்கென்று ஒரு போன் நம்பரையும் ஈமெயில் கொம்பனி கேட்கும். எங்கள் ஆட்களோ எந்த சிம்மில் டேட்டா மலிவோ அதற்கு மாறிக்கொண்டே இருப்பவர்கள். அதனால் பெரிய மனது பண்ணி எல்லாருக்கும் என் நம்பரையே போட்டுவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. வாவிக்கு அக்கரையிலிருந்து வந்த கந்தப்போடி மாமா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நீ கோவிச்சிக்கிட்டா நாங்க என்ன செய்யிற புள்ள?"

துண்டு தராத கொம்பனி

அதே மாமா சில மாதம் கழித்து முகம் வாடி வந்தார். படமெல்லாம் கொம்பனியிடம் பத்திரமாக இருக்கும் என்று நான் சொன்னதை நம்பி, இடம் போதாமல் போனதும் போனில் இருந்ததையெல்லாம் அழித்திருக்கிறார். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

நல்ல காலம், எல்லாம் போனின் குப்பைத்தொட்டிக்குள் கிடந்தன. வட்டை வயல், எருமை, மகளின் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாமாவுக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. "மில்லுல நெல்லுப் போட்டாலும் ஒரு துண்டு எழுதித் தருவான். இவனுகள் துண்டும் தரல்ல, கேக்கிறதுக்கு ஒரு ஆளும் இல்ல."

பூட்டிய கதவு

கடைக்கு வழக்கமாக வரும் ஜெயந்தியின் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். மகள் பிறந்த பிறகு இன்னும் ஊருக்கு வரவில்லை. இங்கே ஜெயந்தி படம் எடுப்பாள், அங்கே அவர் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் அப்படித்தான். அவர் புதுப் போன் வாங்கி அதில் கணக்கைத் திறக்கப் போக, கள்வன் என்று நினைத்த கொம்பனி இருவரையும் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது.

ஆறு இலக்கம் என் நம்பருக்கு அனுப்பப்பட்டதாக ஜெயந்தியின் போன் சொன்னது. ஆனால் போன வருடம் டேட்டா மலிவென்று நானும் சிம்மை மாற்றியிருந்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே. கொம்பனிக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் ஒரே மெஷின் ஒரே பதிலைச் சொன்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெயந்தி கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "புள்ளைக்குப் பல்லு முளைச்சது, நடந்தது எல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கு அக்கா. அவர் வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுற?"

என் நம்பருக்கு நானே

வேறு வழியில்லாமல் என் பழைய நம்பருக்கு நானே அழைத்தேன். மணி அடித்தது. மாங்கேணியில் ஒரு மீன்பிடிக்கார ஐயா எடுத்தார். அந்த நம்பர் இப்போது அவருக்குப் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தனக்கு எழுத்துத் தெளிவாகத் தெரியாது என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் முதலில் வந்த ஆறு இலக்கத்தின் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை அனுப்ப வைத்தோம். அந்த அம்மா ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, ஜெயந்தி போனில் அழுத்தினாள்.

திறந்தது. முதல் படத்தில் இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது பிள்ளை. ஜெயந்தி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். பிறகு படங்களை ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாகப் பிரதி எடுத்துக் கையில் கொடுத்தேன். கொப்பியைத் தேடிப் பிடித்து எல்லாருடைய கணக்கிலும் இருந்த என் பழைய நம்பரை மாற்றத் தொடங்கினேன்.

நன்றி சொல்ல மறுபடி அழைத்தபோது ஐயா சிரித்தார். "ஒரு வருசமா இந்த ஆறு இலக்கம் வந்துக்கிட்டே இரிக்கு தங்கச்சி. சாமி அனுப்புறது எண்டு நினைச்சி அந்த நம்பருக்கே லொத்தர் சீட்டு எடுத்தன், ஒண்டும் விழல்ல. இண்டைக்குத்தான் ஒரு ஆளுக்கு விழுந்திரிக்கு."

உலகத்திலேயே பெரிய கொம்பனி ஒன்று பத்திரமாகப் பூட்டி வைத்த படங்களைத் திறக்கக் கடைசியில் தேவைப்பட்டது, மாங்கேணி அம்மா ஒருவரின் மூக்குக் கண்ணாடி.