சாமைக் கொல்லையின் விலாசம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியில் எழுதுகிற வாத்தியார்கள் மூன்று பேர் இருந்தோம். இயற்பியல்காரர் பேய்த் தொடர் எழுதுவார். வரலாற்றுக்காரர் மனைவி பெயரில் சமையல் குறிப்பு எழுதுவார்; வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று சுற்றிவிட்டுத் தாவரவியலுக்கு வந்து சேர்ந்த நான் வாரப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதினேன்.

என் ஆராய்ச்சி ஜவ்வாது மலைப் புற்களைப் பற்றியது. மாதம் ஒருமுறை ஒடுகத்தூர் போய், அங்கிருந்து மலையேறுவேன். மேலே ஒரு விவசாயி வீட்டில்தான் தங்கல். என் வயதுதான் அவருக்கு. சாமைப் பயிருக்குள் சாமை மாதிரியே ஒரு காட்டுப்புல் முளைக்கும் என்று சொன்னவர் அவர்தான். அதைக் காட்ட, யாருக்கும் காட்டாத ஒரு கொல்லைக்கு என்னை அழைத்துப் போனார். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அவரும் மனைவியும் கல் பொறுக்கித் திருத்திய துண்டு நிலம்.

"வெளில சொல்லிடாதீங்க சார். எங்களுக்குப் பாதி வருசச் சோறு இதான்" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் அந்த நிலம் என்னை விடவில்லை. கதையாக எழுதினேன். கவனமாகத்தான் இருந்தேன். மலையின் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை, விவசாயியைக் கிழவனாக்கிவிட்டேன். ஒன்றில்தான் கோட்டை விட்டேன். எங்கள் துறையில் ஒரு செடியைப் பறித்துக் காயவைத்து ஒட்டினால், எங்கே எடுத்தது என்று சீட்டு எழுதவேண்டும். அடுத்தவன் அந்தச் சீட்டோடு போனால் அதே இடத்தில் போய் நிற்கவேண்டும். பதினைந்து வருடப் பழக்கம். கதையிலும் கை தானாக எழுதிவிட்டது: ஓடையைத் தாண்டி மேற்கே, பிளந்த பாறைக்கு நூறடி வடக்கில், இரட்டைக் கடுக்காய் மரத்துக்குப் பின்னால்.

கதை வந்து ஒரு மாதத்தில் பத்திரிகை வழியாக வாசகர் கடிதம் ஒன்று வந்தது. கல்லூரி ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். பெருமை தலைக்கேறியிருந்தது. "இடத்தைக் கண்முன் நிறுத்திவிட்டீர்கள்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். வரலாற்றுக்காரர் கைதட்டினார். அடுத்த பத்தியை மனதுக்குள் படித்தேன். எழுதியவர் அந்தப் பகுதி வனக்காவலர். படித்ததுமே இடம் புரிந்துவிட்டதாம். நேரில் போய்ப் பார்த்தாராம். அப்படியே இருந்ததாம். வருத்தத்தோடுதான் கடமையைச் செய்தாராம்.

மறுநாளே மலையேறினேன். கதிர் பிடிக்கும் பருவத்தில் பயிரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி கேட்டுவிட்டு, "கதைல எழுதுற அளவுக்கு எங்க கொல்லைல இன்னா சார் இருந்துச்சு?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வேணும்னா செஞ்சாரு? உடு" என்று மனைவியிடம் சொன்னார் அவர். "உள்ள வாங்க சார், சாப்ட்டுட்டுப் போங்க." களி கிண்டிப் போட்டார்கள். மிச்சம் வைக்காமல் தின்றேன். அவர்கள் வீட்டில் அந்த வருடம் மிச்சம் வைக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

பிறகு நான் கதை எழுதவில்லை. ஆராய்ச்சிக்காக மலைக்குப் போவது மட்டும் தொடர்ந்தது. அவரும் முன்போலவே கூட வந்தார், புல்லைக் காட்டினார், என் பையைச் சுமந்தார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள், சரிவில் புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதை பிரிவதைப் பார்த்தேன்.

"அந்தாண்ட இன்னா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார்.

நான் அந்தப் பக்கம் திரும்பாமல் அவர் பின்னால் நடந்தேன்.