என் காமிராவை யார் வேண்டுமானாலும் தொடலாம்

போன ஞாயிறு என் மேல் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

என் பெயர் அதில் இல்லை. ஆனாலும் வாசித்து முடித்தபோது, மாடியறையில் இருந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் என்னைத்தான் பார்த்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். வசதி இருந்திருந்தால் நானும் என்னைப் பார்த்திருப்பேன்.

'சங்க உறுப்பினர்கள் தங்கள் காமிராவையோ, சங்கத்துக்குச் சொந்தமான லென்ஸையோ, முறையான பயிற்சி இல்லாத எவரிடமும் கொடுக்கலாகாது. இதை ஏற்றுக் கையெழுத்திடாதவர் உறுப்பினராகத் தொடர இயலாது.'

வாசித்தவர் செயலாளர். எழுதியவர் எங்கள் தலைவர், ராஜாமணி அண்ணாச்சி. ஊருக்குக் கிழக்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) 'தொடாதே', 'கொண்டு வராதே', 'உரசாதே' என்று சுவரெல்லாம் எழுதி வைத்துவிட்டு, பொறி பட்டால் பற்றிக்கொள்கிற தீக்குச்சி மருந்தோடு வாழ்கிற மனிதர். அவருக்குக் காமிராவும் மருந்துச் சரக்குதான்.

கோவில்பட்டியில் காமிரா சங்கமா என்று சிரிக்காதீர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை ஆரம்பித்த நாலு பேரில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார, ஸ்டூடியோ மாடியில் இருக்கிற அந்த ஒரு அறையை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். என் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்படி என்ன செய்துவிட்டேன்?

மூன்று வாரத்துக்கு முன்னால், சங்கத்தின் பெரிய லென்ஸை — முழங்கை நீளம் இருக்கும் — இரவல் வாங்கிக்கொண்டு இடைசெவல் பக்கம் போனேன். வெள்ளாமை எடுத்த கரிசல் காட்டில் கிடை போட்டிருந்தார்கள். உரத்துக்காக ஆடுகளை ராத்தங்க வைக்கிற ஏற்பாடு. விடிந்ததும் குருவம்மாள் ஆடுகளை மேய்ச்சலுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பழக்கமானவர்தான், போன வருஷமும் அவர் ஆடுகளை எடுத்திருக்கிறேன். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டுக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள அப்படி என்னத்தப் பாக்குதீங்க?"

"ஆட்டத்தான்."

"அத வெளிய இருந்தே பாக்கலாம்லா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் தெரியாதபோது காமிராவைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். இந்த வளையத்தைத் திருகினால் தெளியும், இந்தப் பொத்தானை அமுக்கினால் படம் விழும். அவ்வளவுதான் வகுப்பு.

அவர் இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, பிறந்த குட்டியை ஏந்துகிற மாதிரி ஏந்தினார். அந்தப் பிடி பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

பிறகு எடுக்க ஆரம்பித்தார். எல்லாம் பின்னாலிருந்து.

"முன்னால போயி மூஞ்சிய எடுங்கம்மா."

"முன்னால போனா மிரளும் அண்ணாச்சி. நான் அதுக மூஞ்சிய எங்க பாத்தேன்? பொழுதன்னைக்கும் பொறத்தாலதான நடக்குதேன்!"

சுருளில் பாக்கி இருந்த இருபத்திரண்டு படமும் தீர்ந்தது. லென்ஸின் உடம்பில் கொஞ்சம் கரிசல் அப்பியிருந்தது. துடைத்தேன், போய்விட்டது. ஒரு கீறல் இல்லை.

ஆனால் படம் கழுவுகிற இடம் சங்கத்துக்குக் கீழே இருக்கிற ஸ்டூடியோ. கவர் என் கைக்கு வருமுன் ராஜாமணி அண்ணாச்சி கைக்குப் போய்விட்டது. இருபத்திரண்டு பின்புறத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, போலீஸ்காரர் திருட்டுச் சாமான்களைக் காட்டுகிற மாதிரி எல்லாருக்கும் காட்டினார். எடுத்தது யார் என்று கேட்டதும் நானும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"சங்கத்து லென்ஸ்ல எடுக்குத படமா அண்ணாச்சி இது? மருந்து ரூம்ல கொள்ளிக்கட்டையக் கொடுத்த மாதிரில்லா இருக்கு!"

நான் படங்களை அள்ளிக்கொண்டு குருவம்மாளிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இது செவலை. இது குட்டைவாலி. இவ போன பங்குனில ரெட்டை போட்டவ. இது கள்ளி... அடுத்தவிய வெள்ளாமைன்னா மொத ஆளா எறங்கிருவா."

இருபத்திரண்டும். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்கு இருபத்திரண்டு வால்தான் தெரிந்தது.

கூடவே என் படம் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். போன வருஷம் சங்கத்தில் முதல் பரிசு வாங்கியது. வரப்பில் ஒரு ஆடு, பின்னால் இறங்குகிற சூரியன், ஆடு முழுக்கக் கறுப்பாக, ஓரம் மட்டும் தங்கக் கோடு. தலைவரே எழுந்து நின்று கை தட்டிய படம். பெருமையாக நீட்டினேன்.

"இது எந்த ஆடு?"

"உங்க ஆடுதாம்மா."

உற்றுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கருப்படிச்சுல்லா போச்சு! கழுவுத எடத்துல கெடுத்துட்டாங்களோ?... சரி, விடுங்க அண்ணாச்சி. அடுத்த தடவ நல்லா விழும்."

எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிய ஒரே விமர்சகர் அவர்தான்.

பயிற்சி இல்லாதவர்கள் கையில் போனால் காமிரா கெட்டுவிடும் என்கிறார்கள். என் காமிராவில் மூன்று காயங்கள் இருக்கின்றன. ஒன்று, கயத்தாறில் ஓடுகிற பஸ்ஸில் ஏறியபோது கம்பியில் இடித்தது. இன்னொன்று, ஸ்கூட்டர் பெட்டியில் திருப்புளியோடு சேர்த்துப் போட்டது. மூன்றாவது, ஒரு விழாவில் பேசிக்கொண்டே மடியிலிருந்து நழுவ விட்டது. மூன்றும் என் கைவேலை. எத்தனையோ பேர் தொட்டிருக்கிறார்கள் — பஸ் கண்டக்டர், பருத்தி எடுக்கிற பெண்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரர். ஒருவர் கையிலிருந்தும் அது விழுந்ததில்லை. அவர்களுக்குப் பயம் இருந்தது. எனக்குத்தான் தேர்ச்சி இருக்கிறதே!

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் தாலி கட்டு முதல் பந்தி வரை முப்பத்தாறு படம் எடுத்தேன். வியூ, வெளிச்சம், கோணம் — எல்லாம் கச்சிதம். ஃபிலிம் மட்டும் காமிராவின் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. சுருள் உள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் புதிதாக வருகிறவர்கள் செய்ய முடியாது. அனுபவம் வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தாள் சுற்றி வந்தது. பதினோரு கையெழுத்து. என்னிடம் வந்ததும் பேனாவைத் தாளின் மேல் வைத்து அப்படியே நகர்த்தினேன்.

"நான் போடலை."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் தாரேன். பெறகு உங்க இஷ்டம்," என்றார் தலைவர்.

அதோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வருஷா வருஷம் அன்றைக்குத்தான் குரூப் போட்டோ. தலைவர் புதிதாக வாங்கிய காமிராவை ஸ்டாண்டில் ஏற்றினார். எல்லாம் ஆட்டோமேட்டிக். தானே எடுத்துக்கொள்ளும் டைமர் உண்டு. அதை எப்படி முடுக்குவது என்பதுதான் கேள்வி. பதினோரு நிபுணர்களும் சுற்றி நின்று குனிந்தார்கள். சிவப்பு விளக்கு மினுக்கியது. எல்லாரும் ஓடிப்போய் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. என்ன ஆயிற்று என்று தலைவர் கிட்டே போய்க் குனிந்தார் — க்ளிக். தலைவரின் வேட்டி முடிச்சு மட்டும் வரலாற்றில் பதிவானது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... நீங்கதான் கையெழுத்துப் போடலியே. வெளிய நின்னு நீங்களே எடுத்திருங்களேன்?"

நக்கல் இல்லை, யதார்த்தமாகத்தான் கேட்டார். அதுதான் சுருக்கென்றது. நான் ஆரம்பித்த சங்கத்தின் படத்துக்கு வெளியே என்னை நிற்கச் சொல்கிறார்!

காமிராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினேன். அப்போது கீழே டீக்கடை வைத்திருக்கிற சுடலைமுத்து காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் வயசுக்காரர். ஒரு காமிராவையும் தொட்டதில்லை.

"சொடலை, இங்கன வா. இதப் பிடி. எல்லாரும் உள்ள இருக்கமான்னு பாரு. இத அமுக்கு."

"அண்ணாச்சி! புதுக் காமிரா!" — தலைவர் கத்தினார்.

அதற்குள் நான் போய் அவருக்கும் செயலாளருக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.

சுடலைமுத்து தட்டைக் கீழே வைத்தார். தோள் துண்டில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். எட்டு வருஷத்தில் எங்களில் யாரும் செய்யாத காரியம். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அதட்ட ஆரம்பித்தார்.

"உசரமானவிய பொறத்தால போங்க. செயலாளர் சார், வயித்த உள்ள இழுங்க. ஏன் எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்குதீங்க? காமிரா தந்த அண்ணாச்சி ஒருத்தர்தான் சிரிச்ச மொகமா நிக்காவ..."

க்ளிக்.

புதன்கிழமை படம் வந்தது. தலை வெட்டுப்படவில்லை, கால் வெட்டுப்படவில்லை, யாரும் கண்ணை மூடவில்லை. எட்டு வருஷத்தில் பன்னிரண்டு பேரும் இருக்கிற முதல் படம் இதுதான். இத்தனை நாளும் எங்களில் யாராவது ஒருவர் எடுத்ததால், எந்தப் படத்திலும் ஒரு தலை குறையும். பெரும்பாலும் என் தலை.

ராஜாமணி அண்ணாச்சிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சங்கச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறாராம். ஸ்டூடியோக்காரர் சொன்னார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. தாள் மேஜையில் காத்திருக்கும். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போவேன். கையெழுத்துப் போட மாட்டேன். வழியில் யாராவது கேட்டால் காமிராவைக் கொடுப்பேன்.

என்னை நீக்கட்டும். ஆனால் முதலில் அந்தப் படத்தை இரண்டாகக் கிழிக்க வேண்டியிருக்கும் — நான் நட்டநடுவில் நிற்கிறேன்.