நிமிர்ந்து நின்ற பைகள்

துணிப்பை தைக்கும் அந்த அம்மாள், அதற்கு முன் ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டை மடிக்கும் வேலையில் இருந்தவர். கைவினைக் கண்காட்சியில் முதல்முறை கடை போட்டபோதும் கைப்பழக்கம் விடவில்லை. பைகளையெல்லாம் இஸ்திரி போட்டு, மடித்து, மேசைமேல் அடுக்கிவிட்டார். இங்கே வியாபாரம் ஓடாவிட்டால் திங்கட்கிழமை பழைய வேலைக்கே திரும்புவதாக வீட்டில் பேச்சு. மதியம் வரை ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

பக்கத்துக் கடையில் மண் கோப்பை விற்றவள் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தாள்.

“ஏன்க்கா, இது என்ன கைக்குட்டைக் கடையா?”

“பைம்மா. பார்த்தா தெரியலையா?”

“எனக்குத் தெரியுது. போறவங்களுக்குத் தெரியணுமே!”

கோப்பைகள் உடையாமலிருக்கச் சுற்றிக் கொண்டுவந்த பழைய தாள்களைக் கசக்கிப் பைகளுக்குள் திணித்தாள். தன் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் படிபோல் அடுக்கி, அவற்றின்மேல் பைகளை நிமிர்த்தி வைத்தாள். பாதிச் சரக்கை மேசைக்கடியில் தள்ளினாள். அந்த நேரத்தில் தன் கடைக்கு ஆள் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மேசைக்கடியில் இருந்ததும் மேலே வந்துவிட்டது. திங்கட்கிழமை அந்த அம்மாள் தன் தையல் மிஷின் முன்தான் உட்கார்ந்தார். முதலில் தைத்தது, கோப்பைகள் இடிபடாதபடி பஞ்சு வைத்து, அறை அறையாகப் பிரித்த ஒரு பெரிய பை. அடுத்த கண்காட்சியில் அதைப் பக்கத்துக் கடைக்காரியிடம் நீட்டினார்.

“நல்லவேளைக்கா, மடிக்காம கொண்டாந்தீங்க!” என்றாள் அவள்.